மியூசிக் பிளேயரைக் கணினி ஏற்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு மியூசிக் பிளேயர் இருக்கிறது. அதற்கென்று கொடுத்த மென்பொருள் உங்கள் கணினியில் ஓடாது. உங்களிடம் இருப்பது லினக்ஸாக இருக்கலாம், மேக்காக இருக்கலாம், அல்லது அந்த மென்பொருளையே நிறுத்திப் பல வருஷம் ஆகியிருக்கலாம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதல் மூன்றை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பெட்டியில் "விண்டோஸ் மட்டும்" என்று போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படி?

அந்த வரி பிளேயரைப் பற்றியது அல்ல, கூட வந்த மென்பொருளைப் பற்றியது. "மற்ற இயங்குதளங்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதவில்லை, ஏதாவது ஆனால் எங்களிடம் வராதீர்கள்" என்பதுதான் அதன் அர்த்தம். பிளேயருக்குள் இருப்பது ஒரு சேமிப்பகம், ஒரு சின்னப் பிராசசர், வெளியுலகத்தோடு பேச ஒரு யூஎஸ்பி வாசல். அந்த வாசலில் பேசும் மொழி பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவானது.

ஆப்பிளின் ஐபாடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 கடைசியில் வெளிவந்தபோது அது மேக்கோடு மட்டும்தான் சேரும். அடுத்த வருஷம் விண்டோஸுக்கான ஐபாட் வந்தது. ஆனால் பாட்டு ஏற்ற ஆப்பிள் தரும் ஐடியூன்ஸ் மென்பொருள் விண்டோஸில் வந்தது 2003 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் மியூசிக்மேட்ச் என்ற வேறொரு மென்பொருள் அந்த வேலையைப் பார்த்தது. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும், பெட்டி அதேதான். இன்று உங்கள் கணினிக்கு "ஆதரவு இல்லை" என்பதும் இந்த மாதிரி விஷயம்தான்.

என் பிளேயர் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரகம் மூன்று.

முதல் ரகம் பென் டிரைவ் மாதிரி வெறும் டிஸ்க்காகத் தெரியும். பிளேயரின் மெனுவில் இதற்கு எம்எஸ்சி அல்லது யூஎம்எஸ் என்று பெயர் இருக்கும். இரண்டாவது எம்டிபி. இதில் கணினி டிஸ்க்கை நேரடியாகத் தொடாது. "இந்த ஃபைலை வாங்கிக்கொள், அந்த ஃபைலைக் கொடு" என்று பிளேயரிடம் கேட்கும். மூன்றாவது ரகம் கொஞ்சம் ஏமாற்றும். டிஸ்க்காகவே தெரியும், ஃபைலும் ஏறும், ஆனால் பாட்டு பட்டியலில் வராது. தனக்கென்று ஒரு டேட்டாபேஸ் வைத்துக்கொண்டு அதில் எழுதியிருப்பதை மட்டுமே அது நம்பும். ஐபாட் இந்த ரகம். சோனியின் பழைய நெட்வொர்க் வாக்மேன்களும் இப்படித்தான்.

செருகிப் பாருங்கள். ஃபைல் மேனேஜரில் டிரைவ் எழுத்தோடோ, எஜெக்ட் பட்டனோடோ வந்தால் டிஸ்க். விண்டோஸில் டிரைவ் எழுத்து இல்லாமல் கேமரா போலவோ ஃபோன் போலவோ வந்தால் எம்டிபி. டிஸ்க்காக வந்து உள்ளே விநோதமான பெயர்களில் ஃபைல்கள் கிடந்தால் மூன்றாவது ரகம்.

செருகினேன். எதுவுமே வரவில்லை.

டிரைவர் (சாதனத்தோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருள்) தேடக் கிளம்புவதற்கு முன்னால் கேபிளை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு மாலை முழுக்க டிரைவர், செட்டிங், ரீசெட் என்று அலைந்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வேறு கேபிளைச் செருகினேன். உடனே வந்தது. முதல் கேபிளில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருந்தன, டேட்டா கம்பிகளே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து ஹப்பை (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) கழற்றிவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும். தனி பவர் இல்லாத ஹப்பில் அதை நாலு பேர் பங்கு போட்டால், ஹார்டு டிஸ்க் உள்ள பழைய பிளேயருக்கு அது சுழலும் அளவுக்குக் கிடைக்காது. பேட்டரி வற்றிப்போயிருந்தால் அரைமணி நேரம் சார்ஜில் விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள்.

அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லையென்றால் கணினியிடமே கேளுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி, லினக்ஸில் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை. அங்கே பெயர் வந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, மென்பொருள்தான் பாக்கி. அங்கேயும் இல்லையென்றால் கேபிள், போர்ட், பிளேயரின் கனெக்டர் இந்த மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது. எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது.

முதல் இரண்டு தலைமுறை ஐபாட்களில் யூஎஸ்பியே கிடையாது, ஃபயர்வயர் என்ற வேறு வகைக் கேபிள் இணைப்பு மட்டும்தான். மூன்றாம் தலைமுறையில் யூஎஸ்பி வழியாகப் பாட்டு ஏறும், சார்ஜ் ஏறாது. அதற்கும் ஃபயர்வயர்தான் வேண்டும். இது தெரியாமல் "பேட்டரி செத்துவிட்டது" என்று ஓரங்கட்டியவர்கள் உண்டு.

டிஸ்க்காகத் தெரிகிறது. இனி என்ன?

பாட்டுகளை இழுத்துப் போடுங்கள், எஜெக்ட் செய்யுங்கள், கேளுங்கள். அவ்வளவுதான். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கக் கூடாது. "காப்பி முடிந்தது" என்று திரை சொன்ன பிறகும் கணினி எழுதிக்கொண்டிருக்கலாம், லினக்ஸில் குறிப்பாக.

பாட்டுகள் கன்னாபின்னா வரிசையில் ஓடுகின்றனவே?

விலை குறைந்த பல பிளேயர்கள் ஃபைல் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் ஃபேட் என்ற பழைய முறையின் அட்டவணையில் எந்த ஃபைல் முதலில் பதிவானதோ அதையே முதலில் ஓட்டும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டும் பலனில்லாமல் போவது இதனால்தான். ஃபோல்டரை அழித்துவிட்டு, நீங்கள் விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றினால் சரியாகிவிடும். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சின்னக் கருவி அந்த அட்டவணையையே அகர வரிசைக்கு மாற்றி எழுதிவிடும். டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டுத்தான் (செருகியபடியே கணினியின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டுத்தான்) அதை ஓட்ட வேண்டும்.

மேக்கிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பேய்ப் பாட்டு கூடவே வருகிறது.

புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய அதே பெயர்தானே? அது பாட்டு இல்லை. ஃபேட் டிஸ்க்கில் வைக்க இடமில்லாத சில விவரங்களை மேக் இப்படித் தனி ஃபைலாக எழுதி வைக்கிறது. மேக்கில் அது ஒளிந்திருக்கும், பிளேயருக்கு மட்டும் தெரியும். அது பாட்டு என்று நினைத்து ஓட்டப் பார்த்து "பிழை" என்று சொல்லும். மேக்கிலேயே டாட் கிளீன் என்ற கட்டளை இருக்கிறது, அதில் இவற்றை அகற்றும் வசதி உண்டு. கையால் அழித்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை.

எம்டிபி என்று தெரிகிறது. லினக்ஸிலோ மேக்கிலோ என்ன செய்வது?

முதலில் பிளேயரின் செட்டிங்ஸில் யூஎஸ்பி மோடு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சான்டிஸ்க் சான்சா கிளிப், ஃபியூஸ் போன்றவற்றில் ஆட்டோ, எம்டிபி, எம்எஸ்சி என்று மூன்று இருக்கும். எம்எஸ்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது சாதாரண டிஸ்க். மேலே போய் "டிஸ்க்காகத் தெரிகிறது" என்ற கேள்வியின் பதிலைப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் ஒரு மோடில் ஏற்றிய பாட்டுகள் மற்ற மோடில் செருகும்போது கணினிக்குத் தெரியாது. காணாமல் போய்விட்டதென்று பதறி ஃபார்மேட் அடிக்க வேண்டாம். மோடை மாற்றினால் திரும்பத் தெரியும்.

அந்த வசதி இல்லாத பிளேயர் என்றால் எம்டிபியோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். இது மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. கேமராக்களுக்கான பிடிபி என்ற முறையை நீட்டித்து எழுதினார்கள். 2008-ல் யூஎஸ்பி தரங்களில் ஒன்றாகவும் ஆனது. லினக்ஸில் லிப்எம்டிபி என்ற மென்பொருள் நூலகம் இதைப் பார்த்துக்கொள்கிறது. இன்றைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கும், பிளேயரைச் செருகினாலே ஃபைல் மேனேஜரில் திறக்கும். மேக்கில் எம்டிபி இயல்பாகவே கிடையாது. ஓப்பன்எம்டிபி போன்ற ஒரு செயலியை நிறுவ வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே வேலை என்பது எம்டிபியின் குணம். ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஜன்னலில் அதே பிளேயரைத் திறந்து துழாவினால் பல சமயம் இரண்டும் தொங்கிவிடும். லினக்ஸில் "சாதனம் வேறொருவரிடம் இருக்கிறது" என்ற மாதிரிப் பிழை வந்தால், ஃபைல் மேனேஜர் அதை முன்னாலேயே பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே அன்மவுன்ட் செய்துவிட்டு உங்கள் மியூசிக் மென்பொருளில் திறவுங்கள். ஆயிரம் பாட்டை ஒரே மூச்சில் தள்ளாமல் ஆல்பம் ஆல்பமாக ஏற்றுவது நல்லது.

என்னுடையது விண்டோஸ்தான். ஆனாலும் எம்டிபி வேலை செய்யவில்லை.

விண்டோஸின் பெயரில் "என்" என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவுக்காக வந்த அந்தப் பதிப்பில் மீடியா பகுதிகள் எடுக்கப்பட்டிருக்கும், எம்டிபியும் அவற்றோடு போய்விடும். மீடியா ஃபீச்சர் பேக்கை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் வரும்.

ஐபாடில் பாட்டுகளை டிஸ்க் போலக் காப்பி செய்தேன். இடம் குறைகிறது, பாட்டு மட்டும் இல்லை!

மூன்றாவது ரகம் என்றேனே, அதுதான் இது. ஐபாடின் உள்ளே ஒளித்துவைத்த ஒரு ஃபோல்டரில் எஃப்00, எஃப்01 என்று துணை ஃபோல்டர்கள் இருக்கும். பாட்டுகள் அவற்றில் சிதறிக் கிடக்கும், பெரும்பாலும் நாலெழுத்துப் பெயர்களில். எந்த ஃபைல் எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்த ஆல்பம் என்பதெல்லாம் ஐடியூன்ஸ்டிபி என்ற ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கும். ஐபாட் பாட்டுக்குள் பெயர், ஆல்பம் எழுதியிருக்கும் டேக்கைக்கூடப் பார்ப்பதில்லை, இந்த ஃபைல் சொல்வதுதான் வேதவாக்கு. நீங்கள் இழுத்துப் போட்ட எம்பி3 அதில் இல்லை, ஆகவே ஐபாடைப் பொறுத்தவரை அப்படி ஒரு பாட்டே இல்லை.

அந்த டேட்டாபேஸில் எழுதத் தெரிந்த ஒரு மென்பொருள்தான் தேவை, அது ஐடியூன்ஸாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லினக்ஸில் லிப்ஜிபாட் என்ற நூலகம் இதைச் செய்கிறது. ரிதம்பாக்ஸ், ஸ்ட்ராபெரி, ஜிடிகேபாட் போன்றவை அதன் மேல் உட்கார்ந்திருப்பவை. ஐந்தாம் தலைமுறை வரையிலான பெரிய ஐபாட்கள், மினி, முதல் இரண்டு நானோ இவற்றோடு பெரிதாகத் தகராறு இல்லை.

2007-ல் கதை மாறியது. அந்த வருஷம் வந்த கிளாசிக்கிலும் மூன்றாம் தலைமுறை நானோவிலும் டேட்டாபேஸோடு ஒரு கையெழுத்து மாதிரி சரிபார்ப்பு எண்ணையும் ஆப்பிள் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஐபாடுக்கும் உள்ள தனி அடையாள எண்ணிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. எண் தப்பாக இருந்தால் பாட்டெல்லாம் உள்ளேயே இருக்கும், திரையில் "0 பாட்டுகள்" என்று வரும். பயனர்கள் அந்தக் கணக்கைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே இன்று செய்ய வேண்டியது, அந்த அடையாள எண் ஐபாடில் இருக்கும் சிஸ்இன்ஃபோ என்ற ஃபைலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். புதிய லிப்ஜிபாட் பல சமயம் தானே எழுதிவிடும். இல்லையென்றால் யூஎஸ்பி விவரப் பட்டியலில் வரும் 16 எழுத்து வரிசை எண்ணை நீங்களே எழுதலாம். 2009-லும் அதற்குப் பிறகும் வந்த நானோக்கள் இதைவிடக் கறார். அவற்றுக்கு ஐடியூன்ஸ் ஓடும் ஒரு கணினியைத் தேடுவதே நேரத்துக்கு லாபம் என்பது என் எண்ணம்.

ஷஃபிள் வேறு மாதிரி. திரையே இல்லாததால் அதன் டேட்டாபேஸ் எளிது. அதை மறுபடி கட்டித்தரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. பாட்டை ஏற்று, ஸ்கிரிப்டை ஓட்டு, எஜெக்ட் செய். என்னைக் கேட்டால் ஐடியூன்ஸைவிட இது சுகம்.

ஐபாடைச் செருகினால் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது.

வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மேக்கில் தயாரான ஐபாட், உள்ளே எச்எஃப்எஸ் பிளஸ் என்ற மேக்கின் டிஸ்க் முறை இருக்கிறது. விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. லினக்ஸ் படிக்கும், ஆனால் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் எழுத மறுக்கும். ஃபேட்32-ல் இருக்கும் ஐபாடை மூன்று இயங்குதளங்களும் ஏற்கும். ஆகவே உள்ளே இருக்கும் பாட்டுகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு, ஒரே ஒரு முறை விண்டோஸ் ஐடியூன்ஸில் ரீஸ்டோர் செய்துவிட்டால் ஃபேட்32 ஆகிவிடும். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழிக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஐபாட் உறைந்துபோய்க் கணினிக்கே தெரியவில்லையென்றால் டிஸ்க் மோடுக்குக் கொண்டுவாருங்கள். கிளிக் வீல் உள்ளவற்றில் மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து அமுக்கி ரீசெட் செய்து, ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐபாட் டச்சுக்கும் இதே வழியா?

இல்லை. அது ஃபோன் இல்லாத ஐஃபோன். டிஸ்க் மோடு கிடையாது.

வர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு ஐடியூன்ஸ் ஓட்டினால்?

வர்ச்சுவல் மெஷின் என்றால் உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதில் ஐடியூன்ஸ் ஓடும், ஒரு குழப்பம் மட்டும் உண்டு. ரீஸ்டோர் செய்யும்போது ஐபாட் நடுவில் துண்டித்துக்கொண்டு வேறு அடையாளத்தோடு திரும்பி வரும். அந்த நொடியில் வெளியே இருக்கும் இயங்குதளம் அதைப் பிடித்துக்கொண்டால் உள்ளே ஐடியூன்ஸ் காத்திருந்து காத்திருந்து பிழை சொல்லும். வர்ச்சுவல் மெஷினை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் யூஎஸ்பி ஃபில்டரில் தயாரிப்பாளர் எண்ணை மட்டும் வைத்துவிட்டு மற்ற கட்டங்களைக் காலியாக விட்டால் எந்த அடையாளத்தில் வந்தாலும் உள்ளே போய்விடும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸிலோ மேக்கிலோ ஓட்டும் வைன் வழியாக ஐடியூன்ஸை ஓட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். மென்பொருள் திறந்தாலும் யூஎஸ்பி சாதனத்தோடு பேச அதற்கு வழி கிடைப்பதில்லை.

ராக்பாக்ஸ் போடலாமா?

உங்கள் மாடலுக்கு இருந்தால் தாராளமாக. ராக்பாக்ஸ் என்பது பிளேயரின் உள்ளே ஓடும் மென்பொருளுக்கே மாற்று. 2001 கடைசியில் ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸுக்காகத் தொடங்கியது, இன்று பழைய ஐபாட்கள், சான்சா கிளிப் வகையறா, ஐரிவர் என்று நிறைய மாடல்களில் ஓடுகிறது. இதைப் போட்டதும் மூன்றாவது ரகம் முதல் ரகமாகிவிடும்: ஃபோல்டரில் போட்ட பாட்டு அப்படியே ஓடும். ஐபாடுக்குத் தெரியாத ஃபிளாக், ஆக் வார்பிஸ் வகைப் பாட்டு ஃபைல்களும்கூட ஓடும்.

நிறுவ விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரு கருவி தருகிறார்கள். ஐபாட் என்றால் அது ஃபேட்32-ல் இருக்க வேண்டும், சான்சா என்றால் எம்எஸ்சி மோடில். பெரும்பாலான மாடல்களில் பழைய மென்பொருளும் கூடவே இருக்கும், வேண்டும்போது அதற்குத் திரும்பலாம். மெனு ஒரு காட்டுக்குள் போன மாதிரி இருக்கும். முதல் வாரம் கொஞ்சம் திட்டுவீர்கள். மாடல் எண்ணை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். ஒரே பெயரில் விற்ற பிளேயர்களின் உள்ளே வேறு வேறு சிப் இருப்பது சகஜம்.

நெட்எம்டி மினிடிஸ்க், பழைய வாக்மேன்?

இவற்றில் பாட்டு ஏற்றச் சோனி தந்த சோனிக்ஸ்டேஜ் மென்பொருளின் பெயரைக் கேட்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். நல்ல செய்தி, 2001-ல் வந்த நெட்எம்டிக்கு (யூஎஸ்பி வழியாகப் பாட்டு ஏறும் மினிடிஸ்க்) இன்று அது தேவையில்லை. வெப் மினிடிஸ்க் என்ற கருவி பிரவுசருக்குள்ளேயே ஓடி யூஎஸ்பி வழியாக டிஸ்க்கில் பாட்டை எழுதுகிறது. குரோம் வகை பிரவுசர் வேண்டும். விண்டோஸில் முதலில் சாடிக் என்ற கருவியால் பொது யூஎஸ்பி டிரைவரை மாட்ட வேண்டும், லினக்ஸில் சாதனத்தைத் தொட உங்கள் பயனருக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

நெட்வொர்க் வாக்மேன்கள் இவ்வளவு சுலபம் அல்ல. டிஸ்க்காகத் தெரியும், ஆனால் பாட்டுகளைத் தன் பாணியில் மாற்றி ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருக்கும். பழைய விண்டோஸ் ஓடும் ஒரு கணினியோ வர்ச்சுவல் மெஷினோ வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. 2007-க்குப் பிறகு சோனியே பல நாடுகளில் அந்த வழியைக் கைவிட்டு, இழுத்துப் போட்டால் ஏறும் பிளேயர்களுக்கு மாறியது.

பாட்டு ஏறிவிட்டது. பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக வருகின்றன.

இரண்டு காரணம் இருக்கலாம். பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம்தான் வரும், ஒன்றும் செய்ய முடியாது. எழுத்துரு இருந்தும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தள்ளி நின்றால், எழுத்துகளைக் கோர்க்கும் வேலை அதற்குத் தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றிவைப்பது ஒன்றே வழி.

எந்த மொழியானாலும் பெயரே வராமல் குப்பையாக வந்தால் டேக்கைப் பாருங்கள். பழைய பிளேயர்கள் பல ஐடி3 என்ற டேக் முறையின் 2.3 பதிப்பை மட்டுமே படிக்கும். புது மென்பொருள்கள் பல 2.4-ல் எழுதுகின்றன. டேக் எடிட்டரில் 2.3, யூடிஎஃப்-16 என்று மாற்றிச் சேமித்தால் சரியாகும். ஆல்பம் படம் வரவில்லையென்றால் அது புரோகிரஸிவ் ஜேபெக்காக இருக்கலாம், சாதாரண ஜேபெக்காக மாற்றிப் பாருங்கள்.

கணினிதான் பழசு, பிளேயர் புதுசு. அதற்கு?

விண்டோஸ் 98-ல் பொதுவான யூஎஸ்பி டிஸ்க் டிரைவர் கிடையாது, தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் மீ, 2000-லிருந்து உள்ளேயே இருக்கிறது. அப்புறம் மெமரி கார்டு. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற புது டிஸ்க் முறையில் வரும், பழைய கணினிக்கு அது புரியாது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே எக்ஸ்ஃபேட் சேர்ந்தது 2019-ல், 5.4 பதிப்பில்தான். ஃபேட்32-க்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் அதைக் காட்டவில்லையென்றால் வேறு ஃபார்மேட் கருவி எதையாவது பயன்படுத்துங்கள்.

பழைய ஐபாடில் இருக்கும் பாட்டுகள் வேறு எங்கேயும் இல்லை. வெளியே எடுக்க முடியுமா?

முடியும், இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். ஃபைல் மேனேஜரில் ஒளிந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, எஃப்00 வகை ஃபோல்டர்களை அப்படியே கணினிக்குக் காப்பி செய்யுங்கள். பெயர்கள் நாலெழுத்துக் குப்பையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பாட்டின் பெயரும் ஆல்பமும் பெரும்பாலும் ஃபைலுக்குள் டேக்காக இருக்கின்றன. பிக்கார்ட் போன்ற ஒரு டேக் எடிட்டர் அதைப் படித்து ஃபைல் பெயர்களை மாற்றித் தரும்.

இடையில் ஐடியூன்ஸ் உள்ள கணினியில் ஐபாடைச் செருக நேர்ந்தால், "இந்த ஐபாட் வேறொரு நூலகத்தோடு இணைந்திருக்கிறது, அழித்துவிட்டுப் புதிதாக இணைக்கவா" என்ற மாதிரி ஒரு கேள்வி வரும். கேன்சல்.